படத்தின் பின்புறத்தில் ஒரு பெயர்

(யேர்மனியின் ஹம் நகரில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில், பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது.)



மேடையில் நின்று பேசுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் நிற்கும் இடம் வேறு. மேடைக்கும் முன்வரிசைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில், ஒரு முழந்தாளை நிலத்தில் ஊன்றி, பேசுபவர் எப்போது கையை உயர்த்துவார் என்று காத்திருப்பதே எனது தொழில். இன்று அந்த இடத்தில் ஓர் இளைஞர் கமராவுடன் அமர்ந்திருக்கிறார். நான் கையை உயர்த்துவேன் என்று அவர் காத்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அவருக்காக ஒருமுறை உயர்த்திவிடுகிறேன். எடுத்துக் கொள்ளுங்கள், தம்பி.

உங்களை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்நிகழ்வின் ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். விடை எளிது. வலிகாமத்தில் ஒரு சிறு கிராமப் பாடசாலையின் சித்திர ஆசிரியரே அவர். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அவருடைய பிள்ளைகளிடம் அனுமதி கேட்டேன். "அப்பாவைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கோ. பேர் மட்டும் வேண்டாம். அவர் தன்ரை பேரை எங்கேயும் எழுதாத மனிசன்" என்றார்கள். ஆகவே நாங்கள் அழைத்தது போலவே, சித்திர மாஸ்ரர் என்றே இன்றும் அவரைக் குறிப்பிடுகிறேன்.

வேலியில் கட்டிய வெள்ளை வேட்டி

இலங்கையில் 1972 ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படத் தொடங்கியது. அட்டைக்குப் படம் வேண்டும். படத்திற்குப் பட்டணத்து ஸ்ரூடியோவிற்குப் போக வேண்டும். தோட்டத்தை விட்டு வர இயலாதவர்களும், பேருந்தில் ஏறிப் பழகாத ஆச்சிமாரும் என்ன செய்வார்கள்? எமது சித்திர மாஸ்ரரிடம் பழைய யாஷிக்கா கமரா ஒன்று இருந்தது. இரண்டு வில்லைகள் மேலும் கீழுமாக அமைந்த பெட்டிக் கமரா அது. சனிக்கிழமைகளில் அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போவார். பின்காரியரில், மடித்த வெள்ளை வேட்டியொன்றை அணைத்தபடி நான் இருப்பேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வேட்டியைக் கிடுகு வேலியில் கட்டுவது எனது வேலை. அதற்கு முன்னால் ஒரு கதிரை. ஆச்சி வந்து அமர்வார். மாஸ்ரர் உடனே கமராவைத் திறக்க மாட்டார். முதலில் அருகில் குந்தியிருந்து, "பேரென்ன ஆச்சி? எந்த ஊரிலை பிறந்தனீங்கள்?" என்று கேட்பார். ஆச்சி சொல்லச் சொல்ல, ஒரு அப்பியாசக் கொப்பியில் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதுவார். அதன் பின்னரே எழுந்து நிற்பார். அந்தக் கமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்தே படம் எடுக்க வேண்டும். எடுப்பவர் எதிரே இருப்பவருக்குத் தலை வணங்குவது போல இருக்கும். இன்றைய கமராக்களில் அந்த வணக்கம் இல்லை. முகத்தை மறைத்துக்கொண்டு குறி பார்க்கிறோம்.

ஒரு படச்சுருளில் 12 படங்கள் மட்டுமே. படச்சுருளின் விலையோ ஆசிரியரின் சம்பளத்திற்குப் பெரிது. ஆகவே ஓர் ஆளுக்கு ஒரு படம்தான். இரண்டாவது தடவை என்ற பேச்சே இல்லை. கண்ணை மூடிவிடுவார்களோ என்று நான் பதறுவேன். மாஸ்ரர் பதறியதை நான் கண்டதில்லை. "ஆளோடை கதைச்சால் ஆள் கண்ணைத் திறந்துதான் வைச்சிருக்கும்" என்பார்.

இரவில், அவருடைய வீட்டுச் சாமான் அறையின் யன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுப் படங்களைக் கழுவுவோம். சிவப்பு வெளிச்சத்தில், மருந்து நீர் நிறைந்த தட்டில் வெள்ளைத் தாள் மிதக்கும். சில விநாடிகளில் கூந்தலின் கருமை தெரியும். பிறகு கண்மணிகள் தெரியும். முகத்தின் மற்றப் பகுதிகள் மெல்ல மெல்ல வந்து சேரும். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்து என்னைப் பார்ப்பதை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். தாள் காய்ந்ததும் மாஸ்ரர் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயரை எழுதுவார்.

ஒருநாள் அவசரத்தில், பெயர் கேட்காமல் தெருவோரம் நின்ற ஒருவரை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். நல்ல முகவெட்டு, மாலை வெயில் வேறு. மாஸ்ரர் மறுத்தார். "பேர் தெரியாத முகத்தைப் படம் எடுக்கிறது களவு, தம்பி" என்றார். அந்த வயதில் எனக்கு அது மிகைப்பட்ட பேச்சாகத் தோன்றியது.

அந்த ஆச்சிமாரில் பலருக்கு, வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் அந்த அடையாள அட்டைப் படமே. அவர்கள் காலமானபோது பிள்ளைகள் மாஸ்ரரிடம் ஓடி வருவார்கள். அவர் கொப்பியைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, அந்த நெகட்டிவ்வைத் தேடி எடுத்துப் பெருப்பித்துக் கொடுப்பார். அட்டைக்காக எடுத்த படம் மாலை சூடிச் சுவரில் ஏறும். கொப்பியில் பெயர் இல்லாதிருந்தால், ஒன்றையொன்று ஒத்த நூற்றுக்கணக்கான நெகட்டிவ்களுக்குள் அந்தத் தாயை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

இருபத்திரண்டு பெயர்கள்

1985 ஆம் ஆண்டு, எனது இருபதாவது வயதில் நான் நாட்டை விட்டு வெளியேறினேன். இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோரில் பலருக்கு அந்தப் பாதை தெரியும். கிழக்கு பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். பின்னர் இந்த நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்திற்கு அனுப்பப்பட்டேன். ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேற முடியாத காலம். தொடக்கத்தில் வேலை செய்யவும் தடை. அனுமதி கிடைத்ததும் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். மிச்சம் பிடித்த காசில், பழைய பொருட் சந்தையில் ஒரு கமரா வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது சிற்றூரின் உதைபந்தாட்டப் போட்டியை எடுக்க வரவேண்டிய படப்பிடிப்பாளர் நோயுற்றுவிட்டார். மைதான ஓரத்தில் நின்ற என்னிடம், படம் எடுத்தால் பத்திரிகைக்குக் கொடுப்பாயா என்று கழகத்தார் கேட்டார்கள். எடுத்தேன். மறுநாள் ஆசிரியபீடத்தில் ஒருவர் படங்களைப் பார்த்தார். அவர் எனது படத்தின் ஒளியைப் பற்றியோ, கோணத்தைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "பந்தோடு ஓடுகிறவரின் பெயர் என்ன?" என்றார். நான் எனது குறிப்பேட்டை நீட்டினேன். இரு அணிகளிலும் ஆடிய 22 பேரின் பெயர்களும் அதில் இருந்தன. எனது டொச் மொழி அறிவு அந்தப் பெயர்களை எழுதப் போதாததால், போட்டி தொடங்குமுன் குறிப்பேட்டை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, அவரவர் கையாலேயே எழுத வைத்திருந்தேன். அந்த மனிதர் குறிப்பேட்டை நெடுநேரம் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வா என்றார்.

எனது தொழில் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. எனக்கு வேலை வாங்கித் தந்தது கமரா என்று பலர் நினைக்கிறார்கள். மாஸ்ரரின் அப்பியாசக் கொப்பியே அதை வாங்கித் தந்தது.

உள்ளூர்ப் பத்திரிகையில் பணியாற்றும் படப்பிடிப்பாளரின் வாழ்வு நீங்கள் திரைப்படத்தில் பார்ப்பது போன்றதல்ல. காலையில் நகரசபைக் கூட்டம், பகலில் பொன்விழாக் காணும் தம்பதியர், மாலையில் தீயணைப்புப் படையின் ஆண்டுக் கூட்டம், இரவில் நெடுஞ்சாலை விபத்து. மழையில் மூன்று மணி நேரம் நின்று எடுத்த படம், விளம்பரம் ஒன்று வந்துவிட்டதால் அச்சேறாமற் போகும். சுயாதீனப் பணியாளருக்கு அச்சேறிய படத்திற்கே காசு. மனைவியும் பிள்ளைகளும் உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு என்னை விட்டுவிட்டே போகப் பழகிக்கொண்டார்கள். ஊரார் கொண்டாடும் நாளே எமக்கு வேலை நாள்.

ஆயினும் இந்தத் தொழில் எனக்கு இந்த மண்ணைத் திறந்து காட்டியது. 2010 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30 ஆம் நாள், இங்கு ஹம் நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. இந்நகரின் றாட்பொட் சுரங்கத்தில் 1908 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 350 தொழிலாளர்கள் மாண்டார்கள் என்பதை இங்கு வளரும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நிலக்கரியால் வளர்ந்த நகரம் இது. அந்த வேலைக்காகக் கிழக்கிலிருந்தும், பின்னாளில் துருக்கியிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் நகரமும் இதுவே. சுரங்கம் மூடப்பட்ட நாட்களில், முகமெல்லாம் கரியாக நின்ற ஒரு முதிய தொழிலாளரிடம் குறிப்பேட்டை நீட்டினேன். "முகத்தைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். பெயரை ஏன் கேட்கிறாய்?" என்றார். முகத்தில் இருப்பது கரி, பெயரில் இருப்பதுதான் நீங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அச்செழுத்துப் போல அழகாக எழுதிக் கொடுத்தார்.

சட்டம் அனுமதித்த ஒரு தவறு

இனி நான் சொல்லப் போவது பெருமைக்குரிய கதையல்ல. ஆனால் கையில் கமராவுடன் திரியும் இளையோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

இங்கு ஊன்ரொப்பில் எழுந்தருளியிருக்கும் காமாட்சி அம்பாள் ஆலயத்தின் குடமுழுக்கு 2002 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் நாள் நடைபெற்றது. அதன் பின்னர் ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவிற்குப் பல்லாயிரம் மக்கள் வருகிறார்கள். அவர்களோடு யேர்மனியப் பத்திரிகையாளர்களும் வருகிறார்கள். சில ஆண்டுகளின் பின், ஒரு தேர்த் திருவிழாவன்று, நீண்ட லென்ஸுடன் தொலைவில் நின்றேன். தேர் வடத்தின் அருகே ஒரு பெண்மணி கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணீர் வழிய நின்றார். ஒளி அற்புதமாக இருந்தது. எடுத்தேன். கூட்டத்தைக் கடந்து சென்று பெயர் கேட்க எனக்குச் சோம்பல். மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் படம் பெரிதாக அச்சேறியது. அதன் கீழே, தேர்த் திருவிழாவில் ஒரு பக்தை என்று எழுதியிருந்தது. அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நானே. தொழிற் தோழர்கள் பாராட்டினார்கள்.

ஒரு கிழமையின் பின் அந்தப் பெண்மணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டிற்குப் போனேன். தேநீர் தந்து உபசரித்த பின்னரே பேசினார். திருவிழாவிற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான், ஊரில் அவருடைய தம்பி காணாமற் போனார் என்ற செய்தி வந்திருந்தது. தன்னோடு வாழ்ந்த வயோதிபத் தாயாருக்கு அதனை அவர் இன்னும் சொல்லவில்லை. அம்பாளிடம் மட்டுமே சொல்லி அழுதிருக்கிறார். அந்தப் படத்தை அவர் வேலை செய்யும் இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஏன் அழுதாய் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பத்திரிகை தாயாரின் கையிலும் கிடைத்துவிட்டது.

அவர் என்னை ஏசவில்லை. "தம்பி, அந்தப் படத்திலை இருக்கிறது நான்தான். ஆனால் நான் அண்டைக்குப் படத்துக்கு நிக்கேல்லை" என்றார்.

சட்டப்படி நான் செய்தது குற்றமன்று. யேர்மனியில் ஒருவரின் உருவத்தின் மீது அவருக்கே உரிமை உண்டு என்பதைச் சொல்லும் சட்டம் 1907 ஆம் ஆண்டு பிறந்தது. அதன் கதையே ஒரு பாடம். 1898 ஆம் ஆண்டு, முன்னாள் அரசுத் தலைவர் பிஸ்மார்க் காலமான இரவில், இரு படப்பிடிப்பாளர்கள் அவருடைய வீட்டிற்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, படுக்கையில் கிடந்த உடலைப் படம் எடுத்தார்கள். குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றார்கள். அந்தப் படங்கள் தடுக்கப்பட்டன. ஆனால் ஒருவரின் உருவத்தைக் காக்கத் தனிச் சட்டம் இல்லை என்ற குறையும் அப்போது வெளிப்பட்டது. பின்னர் இயற்றப்பட்ட 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, ஒருவரின் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது. 23 ஆம் பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. பொதுக் கூட்டங்களும் ஊர்வலங்களும் அவற்றுள் அடங்கும். தேர் ஊர்வலம் எனக்கு அந்த விதிவிலக்கைத் தந்தது. சட்டத்தின் வாசலில் நான் தப்பிவிட்டேன். சித்திர மாஸ்ரரின் வாசலில் தப்பவில்லை. களவு என்று அவர் சொன்னது மிகைப்பட்ட பேச்சல்ல என்பதை, அந்த வரவேற்பறையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தபோது உணர்ந்தேன்.

அந்தப் படத்தை மீண்டும் பயன்படுத்த வேண்டாம் என்று பத்திரிகையிடம் கேட்டுக்கொண்டேன். மூலக் கோப்பை அவரிடமே கொடுத்தேன். அன்றிலிருந்து, வழிபடும் ஒருவரை நான் தொலைவிலிருந்து எடுப்பதில்லை. அருகில் செல்வேன், காத்திருப்பேன், கண் திறந்த பின் கேட்பேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். எத்தனையோ நல்ல படங்களை அவ்வாறு இழந்திருக்கிறேன். அந்த இழப்பில் எனக்கு வருத்தமில்லை.

பெயர் எழுதிய கமராக்கள்

அப்படியானால் துயரத்தைப் படம் எடுக்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. துயரம் மறைக்கப்படும் இடத்தில் படம் எடுப்பது கடமை.

திருகோணமலையில் 2006 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள், கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு கூறியது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த மாணவர்களின் உடல்களைப் படம் எடுத்தார். அவர்கள் துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள் என்பதை அந்தப் படங்கள் காட்டின. படங்கள் வெளிவந்தன. சனவரி 24 ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களின் கொலை தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சான்றுகள் இல்லை என்று 2019 ஆம் ஆண்டு யூலையில் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு படம் நீதியை வாங்கித் தந்துவிடும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குண்டு வெடித்தது என்ற கூற்று நின்று நிலைக்காதபடி செய்தது அந்தக் கமரா. அந்த மாணவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களோடு சுகிர்தராஜனின் பெயரையும் நாம் சொல்ல வேண்டும்.

இன்னுமொரு முன்னோடியைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் லூயிஸ் ஹைன் ஒரு பாடசாலை ஆசிரியர். நியூயோர்க்கில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை 1904 ஆம் ஆண்டிலிருந்து படம் எடுக்கத் தொடங்கினார். எம்மைப் போல, மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கிய மனிதர்கள் அவர்கள். 1908 ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியை விட்டு, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் எடுக்கப் புறப்பட்டார். முதலாளிகள் உள்ளே விடாத இடங்களில், வேறு தொழில் செய்பவர் போல நடித்து நுழைந்தார். பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டு, சட்டைப்பைக்குள் கையை விட்டு இரகசியமாகக் குறிப்பெடுத்தார். தமது மேலாடைப் பொத்தான்களின் உயரத்தைக் கணக்கிட்டு வைத்து, அதனோடு ஒப்பிட்டுப் பிள்ளையின் உயரத்தை அறிந்தார். சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் 1938 ஆம் ஆண்டு வந்ததற்கு வழி சமைத்தவற்றுள் அந்தப் படங்களும் அடங்கும். அவரிடம் பாடசாலையில் படித்த மாணவர்களுள் ஒருவரே, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞராகிய போல் ஸ்ராண்ட். ஹைனின் கதையைப் படித்தபோது, எனது சித்திர மாஸ்ரர் தனியாள் அல்லர் என்று மகிழ்ந்தேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

எமது பெற்றோர்கள் பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் காண விரும்புகிறார்கள். அதில் தவறில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் உறுதியான தொழிலைத் தேடுவது இயல்பு. ஆனால் ஒரு செய்தியைச் சொல்கிறேன். இங்கிருந்து அதிக தூரமில்லாத எசென் நகரின் போல்க்வாங் பாடசாலையில், 1959 ஆம் ஆண்டு முதல் 1978 ஆம் ஆண்டு தாம் இறக்கும் வரை ஒளிப்படம் கற்பித்தவர் ஒட்டோ ஸ்ரைனேர்ட். யேர்மனியின் பெயர்பெற்ற படப்பிடிப்பாளர்கள் பலர் அவருடைய மாணவர்கள். அவர் படித்துப் பட்டம் பெற்றது எதில் தெரியுமா? மருத்துவத்தில். மருத்துவராகப் பணியாற்றிய பின்னரே கமராவைத் தொழிலாக எடுத்தார். எனவே, பிள்ளை மருத்துவரானாலும் நீங்கள் முழுதாகத் தப்பிவிட்டீர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

விளையாட்டை விட்டு உண்மையைச் சொல்வதானால், இது இன்று எளிதான பிழைப்பு அல்ல. பத்திரிகைகளின் விற்பனை குறைந்துவிட்டது. நிரந்தரப் பதவிகள் அருகிவிட்டன. ஆனால் வழிகள் உண்டு. ஒளிப்படக் கலைஞருக்கான மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி இங்கு முறையாக நடைபெறுகிறது. டோர்ட்முண்டிலும் எசெனிலும் உயர்கல்வி நிலையங்களில் ஒளிப்படம் கற்கலாம். ஹனோவரில் பத்திரிகை ஒளிப்படத்திற்கென்றே பட்டப்படிப்பு உள்ளது. பிள்ளை கமராவைக் கையில் எடுத்தால், "இதனால் என்ன வரும்?" என்று கேட்பதற்கு முன்னர், "யாரை எடுத்தாய், அவருடைய பெயர் என்ன?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அக்கறை இருக்கிறது என்று பொருள். அக்கறையுள்ள பிள்ளை எந்தத் தொழிலிலும் வீணாகாது.

இளையோருக்கு ஒரு வேலை

இளையோரே, நான் ஓர் ஆண்டில் எடுத்த படங்களை விட அதிகமான படங்கள் உங்கள் கைப்பேசியில் இருக்கும். இக்காலத்தில் கமராவே இல்லாமலும் படம் உண்டாகிறது. 2023 ஆம் ஆண்டில், யேர்மனியக் கலைஞர் பொறிஸ் எல்டாக்சன், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படமொன்றை அனைத்துலகப் போட்டிக்கு அனுப்பினார். அதற்குப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, இது ஒளிப்படம் அல்ல என்று சொல்லி அதை ஏற்க மறுத்தார். அத்தகைய படத்தில் உள்ள முகத்திற்குப் பெயர் கிடையாது, பிறந்த ஊர் கிடையாது. இனிவரும் காலத்தில் ஒரு படத்தின் பெறுமதி, அதன் அழகை விட, அதற்குப் பின்னால் உள்ள பெயரிலும் நாளிலும் இடத்திலுமே தங்கியிருக்கும்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் அம்மம்மாவோ, அப்பப்பாவோ, பெரியம்மாவோ இருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பழைய படங்கள் ஒரு பெட்டியில் இருக்கும். இந்த வார இறுதியில் அவர்களோடு அமருங்கள். ஒவ்வொரு படமாக எடுத்து, இது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்படியானால் தனித்தாளில் எழுதி, படத்தோடு ஓர் உறையில் வையுங்கள். பசையில் ஒட்டும் அல்பங்களில் இருந்து படங்களை மெதுவாகக் கழற்றிவிடுங்கள், அந்தப் பசை காலப்போக்கில் படத்தை அரித்துவிடும். பெயர்களைத் தமிழிலும் டொச்சிலும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் எந்த மொழியில் தேடுவார்கள் என்பது இன்று எமக்குத் தெரியாது. படங்களைக் கணினியில் ஏற்றி, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நாளின் விபரத்தையும் நீக்கிவிடும்.

பெயர் சொல்லக் கூடியவர்கள் எம்மிடையே குறைந்து வருகிறார்கள். அம்மம்மா போன பின், அந்தப் பெட்டியில் இருப்பவை வெறும் தாள்களே.

முன்னால் அமர்ந்திருக்கும் தம்பி, எனது பெயரைக் கேட்டு எழுதிவிட்டீர்களா? தலையை ஆட்டுகிறார், இல்லையாம். பரவாயில்லை, நிகழ்வு முடிந்ததும் வாருங்கள், நானே உங்கள் குறிப்பேட்டில் எழுதித் தருகிறேன்.

நிறைவாக, மாஸ்ரரிடமே திரும்புகிறேன். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த மக்கள் வெள்ளத்தில் அவரும் இருந்தார். நெகட்டிவ் பெட்டிகளையும் பெயர்க் கொப்பிகளையும் அவரால் எடுத்துச் செல்ல முடியவில்லை. பின்னர் திரும்பிச் சென்றவர்கள் அந்த வீட்டில் கூரையைக் கூடக் காணவில்லை. மாஸ்ரர் வன்னியில் காய்ச்சலில் காலமானார். எனக்கு அந்தச் செய்தி கடிதத்தில், மூன்று மாதங்கள் கழித்தே வந்தது.

அவருடைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள், அவருடைய கமராவில் பன்னிரண்டாவது படம் மட்டும் மிச்சமிருந்தது. "இதை நீ எடு" என்று கமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். நான் வேட்டியை வேலியில் கட்டி, அவரைக் கதிரையில் இருத்தி, குனிந்து பார்த்து எடுத்தேன். சில மாதங்களின் பின் அந்தப் படத்தைக் கழுவி, கடிதத்தோடு இங்கே அனுப்பியிருந்தார். உடனே திருப்பிப் பார்த்தேன். எல்லோருடைய படத்திலும் எழுதுவது போல, பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அது அவருடைய பெயரன்று. "படம் பிடித்தவர்" என்று எழுதி, அதன் கீழே எனது பெயரை எழுதியிருந்தார்.

ஒரு படத்தின் கீழோ பின்னோ எனது பெயர் எழுதப்பட்டது அதுவே முதற்தடவை. அவருடைய பெயரை அதன் அருகில் நான் எழுதி வைத்திருக்கிறேன்.